கறி திங்கலாமா, கிடா வெட்டலாமான்னு ஸ்லோகத்தோட சண்டை வந்தா அத எப்படி படிக்கணும்

எங்க குலதெய்வம் கோயில் மாசி களரி திருவிழா வந்தாலே குடும்ப வாட்ஸப் குரூப்புல இந்த சண்டை ஆரம்பிச்சிரும். மச்சான் ஒருத்தன் மனுஸ்மிருதி ஸ்லோகம் ஒண்ண போட்டு கறி திங்கிறது பாவம்னு சொல்லுவான், சித்தப்பா அதே மனுஸ்மிருதில இருந்து இன்னொண்ண போட்டு பாவமே இல்லம்பாரு. ரெண்டும் உண்மையிலயே அந்த புத்தகத்துல இருக்கு. ரெண்டு பேருமே முழு அத்தியாயத்த படிச்சது கிடையாது. ரெண்டு மூணு வருஷமா உக்காந்து இதையெல்லாம் தேடி படிச்சதுல எனக்கு பழகுன முறைய இங்க எழுதுறேன், உங்க வீட்லயும் இதே சண்டை இருக்கும்.

முதல்ல நம்பர் கேளுங்க. "வேதத்துலயே சொல்லியிருக்கு"ன்னு வந்தா எந்த நூல், எந்த அத்தியாயம், எத்தனாவது ஸ்லோகம்னு கேட்டுட்டு தான் அடுத்த பேச்சு. நம்பர் இல்லன்னா விட்டுருங்க. நம்பர் கிடைச்சாலும் பதிப்புக்கு பதிப்பு ஒண்ணு ரெண்டு தள்ளி இருக்கும், அதனால அந்த எடத்துல இல்லன்ன உடனே பொய்னு பாயாதீங்க, முன்ன பின்ன பாருங்க.

அப்புறம் அந்த ஸ்லோகத்துக்கு மேல பத்து, கீழ பத்து படிங்க. இது தான் ரொம்ப முக்கியம். பழகிப் பாக்க நல்ல எடம் மனுஸ்மிருதி 5ஆம் அத்தியாயம், 27ல இருந்து 56 வரைக்கும், ஒரே மூச்சுல படிச்சிரலாம். 30ல திங்கத் தகுந்த உயிர்கள தினமும் தின்னாலும் குத்தமில்ல, தின்றவனையும் தின்னப்படறதையும் படைச்சது அந்த பிரம்மாவே தான்னு வரும். 31ல யாகத்துக்காக திங்கிறது தெய்வ வழி, மத்தபடி திங்கிறது ராட்சச வழின்னு ஆகும். 48ல உயிர கொல்லாம கறி கிடைக்காது, கொன்னா சொர்க்கம் கிடையாது, அதனால விட்டுருன்னு சொல்லும். 51 இன்னும் ஒரு படி மேல போயி சம்மதிச்சவன், அறுத்தவன், கொன்னவன், வாங்குனவன், வித்தவன், சமைச்சவன், பரிமாறுனவன், தின்னவன்னு எட்டு பேரையும் கொலைகாரன்னு சொல்லிரும். கடைசியா 56ல கறி திங்கிறதுல தோஷமில்ல, அது உயிர்களோட இயல்பு, ஆனா விட்டா பெரிய பலன் உண்டுன்னு முடியும். சித்தப்பா எடுத்தது 30, மச்சான் எடுத்தது 48, நடுவுல பதினெட்டு ஸ்லோகம் தான் தூரம். இத படிச்சப்ப எனக்கு தோணுனது, பலி கொடுத்து சாப்பிட்ட பழைய வழக்கத்தையும் அப்புறம் வந்த கொல்லாமையையும் ஒண்ண விடாம ஒரே எடத்துல சேத்து வச்சிருக்காங்க, அதுல பாதிய மட்டும் வெட்டி எடுத்து காட்டுறது நேர்மையில்ல.

மூணாவது, எந்த சந்தர்ப்பத்துல சொன்னதுன்னு பாக்கணும். யாகமா, திதியா, காட்டுல இருந்தப்பவா, சாதாரண சாப்பாடா? வால்மீகி ராமாயணத்துல இதுல தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. "ராகவன் மாம்சம் சாப்பிடுறதில்ல"ன்னு ஒரு வரி சுந்தர காண்டம் 36ஆம் சர்க்கத்துல இருக்கு, ஆனா அது அனுமார் அசோகவனத்துல சீதைகிட்ட சொல்றது, உங்கள பிரிஞ்ச துக்கத்துல அவர் அப்படி இருக்காருன்னு. அயோத்யா காண்டத்துல கங்கைய தாண்டுன அன்னைக்கு ராமரும் லட்சுமணரும் பசியோட வேட்டையாடுனதும் இருக்கு. ரெண்டையும் சேத்து வச்சா தான் படம் முழுசா தெரியும்.

அடுத்து வார்த்தை. தமிழ் பேசுற நமக்குன்னே ஒரு குழி இருக்கு, "பசு". நமக்கு பசுன்னா மாடு. சமஸ்கிருதத்துல பசுன்னா கட்டி வளக்குற மிருகம் எதுவும், யாகத்துல வர்ற பசு பெரும்பாலும் ஆடு. "பசு யாகம்"னு பாத்ததும் மாட்ட வெட்டுனாங்கன்னு ஒருத்தர் போஸ்ட் போடுவாரு, பதிலுக்கு இன்னொருத்தர் பொங்குவாரு. அதுக்காக மாடு வர்ற எடமே இல்லன்னும் சொல்லக்கூடாது. ரிக்வேதம் 10.91.14ல அக்னிக்கு கொடுத்ததா சொல்ற வரிசையில குதிரை, காளை, மலட்டுப்பசு, செம்மறின்னு எல்லாம் வருது. பிருகதாரண்யக உபநிஷத்து 6.4.18ல நல்லா படிச்ச பிள்ளை வேணும்னா மாம்சம் போட்டு சோறாக்கி நெய்யோட புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சாப்பிடணும்னு இருக்கு, சங்கரர் உரையிலயே அது காளை மாம்சம்னு தான் விளக்கம். இந்த காலத்து மொழிபெயர்ப்பு சிலதுல அத மூலிகைன்னு மாத்தியிருப்பாங்க. அதனால ஒரு மொழிபெயர்ப்ப மட்டும் நம்பாம ரெண்டு வச்சு பாருங்க, பழைய உரை கிடைச்சா அதையும் பாருங்க.

வார்த்தைக்கு சண்டை போடுறது நாம கண்டுபிடிச்சதும் இல்ல. மகாபாரதம் சாந்தி பர்வத்துலயே "அஜ"ன்னா ஆடுன்னு தேவர்களும், இல்ல அது தானிய விதைன்னு ரிஷிகளும் மோதி, நடுவரா கூப்பிட்ட உபரிசர வசுங்கிற ராஜா தேவர்கள் பக்கம் பேசுனதால ஆகாயத்துல இருந்து பூமிக்குள்ள விழுந்தாருன்னு கதை வருது.

அஞ்சாவது, எந்த காலத்து அடுக்குன்னு பாருங்க. இங்க கொஞ்சம் நிதானமா இருக்கணும். யாகம் எப்படி நடக்கும்னு சொல்ற, "பிராமணம்"னு பேர் வச்ச வேத நூல்கள்லயே கொல்றத பத்தி ஒரு உறுத்தல் இருக்கு. சதபத பிராமணத்துல ஆட்ட கழுத்த வெட்டுறது கிடையாது, மூச்ச அடைச்சு தான். அப்ப "கொல்லு"ன்னு சொல்லக்கூடாது, சம்மதிக்க வைக்கிறதுங்கிற அர்த்தத்துல ஒரு வார்த்தை தான் சொல்லணும், செய்யிறவங்க தவிர மத்த புரோகிதர்கள் பாக்காம திரும்பி உக்காந்துக்கணும். ஐதரேய பிராமணத்துல அந்த ஆட்டோட அம்மா, அப்பா, கூடப்பொறந்தது, மந்தையில கூட்டாளி எல்லாரும் இதுக்கு அனுமதி தரட்டும்னு மந்திரம் வருது. அத படிச்சப்ப எனக்கு எங்க கோயில் தான் ஞாபகம் வந்துச்சு. மஞ்சத்தண்ணி தெளிச்சு, கழுத்துல மாலையோட நிக்கிற கிடாவ எல்லாரும் மூச்ச பிடிச்சுட்டு பாத்துட்டு இருப்போம், அது ஒடம்ப சிலுப்புனா தான் உத்தரவு, சிலுப்பலன்னா எவ்வளவு நேரமானாலும் அரிவாள் எறங்காது, மறுபடி தண்ணி. எங்க பூசாரி அந்த நூல்கள் பேர கூட கேட்டிருக்க மாட்டாரு.

அதே ஐதரேயத்துல தான் மாத்து வழியும் இருக்கு. யாகத்துக்குரிய சாரம் மனுஷன்கிட்ட இருந்து குதிரைக்கும், அங்கருந்து மாட்டுக்கும், செம்மறிக்கும், வெள்ளாட்டுக்கும் போயி கடைசில பூமிக்குள்ள எறங்கி நெல்லா வந்துச்சாம். அதனால நெல்லு மாவுல செய்யிற அடையே பலி தான், சுணை தான் முடி, உமி தான் தோல், தவிடு தான் ரத்தம், மாவு தான் கறின்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டு போகும். பின்னாடி வந்த பாகவதம் 7.15ல திதியில மாம்சம் படைக்காதேன்னு நேரடியாவே சொல்லிரும். அசுவமேதம், பசுமாட்ட பலியிடுறது, திதிக்கு கறி படைக்கிறது எல்லாம் கலியுகத்துல கூடாதுன்னு ஒரு பட்டியலும் புராணங்கள்ல உண்டு. கூடாதுன்னு பட்டியல் போடணும்னா முன்னாடி அதெல்லாம் சரின்னு இருந்திருக்கணும்ங்கிறதையும் அதுலயே பாத்துக்கலாம்.

யார் பேசுறாங்கன்னும் பாருங்க. வன பர்வத்துல கௌசிகன்ங்கிற பிராமணனுக்கு தர்மம் சொல்லிக் கொடுக்குறவர் மிதிலையில கறிக்கடை வச்சிருக்குற தர்மவியாதர். நான் கொல்றதில்ல, மத்தவங்க கொன்னத தான் விக்கிறேன்னு அவரே சொல்றாரு. அனுசாசன பர்வத்துல பீஷ்மர் கொல்லாமைய உசத்தி அத்தியாயம் அத்தியாயமா பேசுறாரு. ரெண்டும் ஒரே மகாபாரதம் தான்.

கடைசியா ஒண்ணு, நம்ம ஊரு கிடா வெட்டுக்கு மனுவ சாட்சிக்கு கூப்பிட வேண்டிய அவசியமே இல்ல. திருமுருகாற்றுப்படையிலயே கொழுத்த கிடா ரத்தத்த வெள்ளரிசியில பெசஞ்சு முருகனுக்கு படைக்கிறத பாடியிருக்கு, கண்ணப்பர் காளத்தியில பன்னிக்கறி படைச்சாரு. எதிர்ப்பக்கம் பேசணும்னாலும் வடக்க போக வேணாம், ஆயிரம் வேள்வி செய்யறத விட ஒரு உயிர கொன்னு திங்காம இருக்கறது நல்லதுன்னு 259ஆவது குறள் இருக்கு. சட்டத்துலயும் இதே இழுபறி தான், கோயில் பலிய தடுக்குற 1950ஆம் வருஷ சட்டத்த 2003ல தமிழ்நாட்டுல திடீர்னு கடுமையாக்குனாங்க, 2004ல வாபஸ் வாங்கிட்டாங்க.

இனிமே குரூப்புல ஒத்த ஸ்லோகம் வந்தா திட்டாதீங்க, அந்த பக்கத்தையும் அதுக்கு முன்ன பின்ன ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து போடுங்க. நான் 27ல இருந்து 56 வரைக்கும் மொத்தமா போட்டேன். மச்சான் இப்பவும் கறி தொடுறதில்ல, சித்தப்பா இந்த வருஷமும் கிடாவுக்கு சொல்லிட்டாரு, களரிக்கு ரெண்டு பேரும் ஒரே வேன்ல தான் வந்தாங்க. மச்சானுக்கு சக்கரைப் பொங்கல தனி அடுப்புல வச்சோம்.