கொடி எரிப்பு பற்றிய கருத்துக்கணிப்பைப் படிப்பது எப்படி?

தேசியக் கொடியை அவமதிப்பதை அரசமைப்புச் சட்டத்தின் மூலமே தடை செய்ய வேண்டும் என்று அமெரிக்கர்களில் இத்தனை விழுக்காட்டினர் விரும்புகிறார்கள் என்றொரு செய்தி உங்கள் கண்ணில் பட்டால், அந்த எண்ணை அப்படியே ஏற்பதற்கு முன் மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வியின் முழு வாசகத்தைத் தேடி எடுங்கள். தலைப்பு கேள்வியைச் சுருக்கித்தான் சொல்லும். இந்த விவகாரத்திலோ அந்தச் சுருக்கத்தில் பொருளே மாறிவிடுகிறது. கேள்வியின் வாசகத்தை வெளியிடாத கணிப்பாக இருந்தால் அதை ஒதுக்கி வைப்பதில் எந்த இழப்பும் இல்லை.

கேள்வியைச் சரியாக எடைபோட வழக்கின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1984இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தபோது, வெளியே நடந்த போராட்டத்தில் கிரிகோரி லீ ஜான்சன் என்பவர் ஒரு கொடியை எரித்தார். மாநிலச் சட்டத்தின்படி அவருக்கு ஓராண்டுச் சிறையும் 2,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1989 ஜூனில் உச்ச நீதிமன்றம், அந்தச் செயல் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் காக்கும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதற்கு முன் 50 மாநிலங்களில் 48 மாநிலங்கள் கொடி அவமதிப்புக்கு எதிராகச் சட்டம் வைத்திருந்தன. தீர்ப்புக்குப் பதிலடியாக, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதே ஆண்டு கொண்டுவந்த கொடிப் பாதுகாப்புச் சட்டமும் 1990இல் உச்ச நீதிமன்றத்தில் அதே ஐந்துக்கு நான்கில் வீழ்ந்தது. சாதாரணச் சட்டத்துக்கு வழி அடைபட்டதால்தான் அரசமைப்புத் திருத்தம் என்ற பேச்சே வலுப்பெற்றது.

இப்போது கேள்விக்கு வருவோம். ‘கொடியை எரிப்பது சரியா, தவறா?’, ‘அது சட்டவிரோதமாக்கப்பட வேண்டுமா?’, ‘அதற்காக அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தலாமா?’ ஆகிய மூன்றும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்குத் தவறு என்று சொல்பவர் மூன்றாவதற்குத் திருத்த வேண்டாம் என்று சொல்வதில் முரண் ஏதுமில்லை. 1989 தீர்ப்பில் பெரும்பான்மையோடு நின்ற நீதிபதி அன்டோனின் ஸ்காலியாவே இதற்குச் சான்று: தன் விருப்பப்படி விட்டால் கொடியை எரிப்பவர்களைச் சிறையில் தள்ளிவிடுவேன் என்று பின்னாளில் பலமுறை சொன்ன அவர், அரசமைப்புச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்றே வாக்களித்தார். அவரிடம் முதல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் எந்தப் பக்கத்தில் எண்ணப்பட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே, உங்கள் கையில் உள்ள கணிப்பு இம்மூன்றில் எதைக் கேட்டது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்றாலும் வேலை முடியவில்லை. 1990களின் பிற்பகுதி முதல் காங்கிரசின் முன் வந்த திருத்தத்தின் வாசகம் ஒரே வரிதான்: அமெரிக்கக் கொடியை உடல்ரீதியாக அவமதிப்பதைத் தடை செய்யும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு என்பதே அதன் சாரம். அது தானாக எதையும் தடை செய்யாது. தடை செய்யும் அதிகாரத்தை வழங்கும், அவ்வளவுதான். தண்டனை என்ன, எந்தச் செயல் அவமதிப்பு என்பதையெல்லாம் பின்னர் ஒரு சட்டம்தான் சொல்லியாக வேண்டும். ‘அரசமைப்புத் தடை’ என்று கேள்வியில் எழுதியிருந்தால், வாக்குக்கு வந்த வாசகத்தைப் பற்றி அந்தக் கணிப்பு கேட்கவே இல்லை என்றுதான் நான் கொள்வேன்.

‘அவமதிப்பு’ என்ற சொல்லையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கேள்வி எரிப்பதை மட்டும் குறிப்பிடுகிறதா, கிழிப்பது, மிதிப்பது, தரையில் கிடத்துவது ஆகியவற்றையும் சேர்க்கிறதா என்று பாருங்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றையெல்லாம் சேர்த்தே பட்டியலிட்டிருந்தது. மேலும், நைந்துபோன கொடியைக் கண்ணியமான முறையில், முடிந்தால் எரித்து, அழிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கொடி விதித்தொகுப்பே கூறுகிறது. ஆக, எரிப்பதில் குற்றமில்லை. எந்த நோக்கத்தோடு எரிக்கிறார் என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. அதே விதித்தொகுப்பு கொடியை உடையாக அணியவும், காகிதக் கைக்குட்டைகளில் அச்சிடவும் கூடாது என்கிறது. மீறுவோருக்கு அது தண்டனை எதுவும் விதிப்பதில்லை. கருத்துக்கணிப்பு நடத்துவோர் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

சொல் தேர்வு எண்ணை எவ்வளவு நகர்த்தும் என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. மக்களாட்சிக்கு எதிரான மேடைப்பேச்சை ‘அனுமதிக்க வேண்டுமா’ என்று ஒரு பகுதியினரிடமும், ‘தடை செய்ய வேண்டுமா’ என்று மற்றொரு பகுதியினரிடமும் கேட்டு, டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் 1941இல் முடிவுகளை வெளியிட்டார். ‘அனுமதிக்கக் கூடாது’ என்றவர்கள் ‘தடை செய்ய வேண்டும்’ என்றவர்களைவிட ஏறத்தாழ 20 புள்ளிகள் அதிகம். நடைமுறையில் இரண்டும் ஒன்றேதான். ஆனால் ‘தடை’ என்ற சொல்லின் கடுமை பலரைப் பின்வாங்க வைத்துவிடுகிறது. எனவே கேள்வியில் முதல் திருத்தம், கருத்துரிமை, போர்வீரர்கள், எதிர்ப்பாளர்கள் போன்ற சொற்களில் எது இடம்பெற்றிருக்கிறது, அதற்கு முந்தைய கேள்வி எதைப் பற்றியது என்பதையும் பாருங்கள். இராணுவச் சேவை பற்றிக் கேட்டுவிட்டு அடுத்ததாகக் கொடியைப் பற்றிக் கேட்டால், விடை எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

மாதிரியின் அளவைப் பொறுத்தவரை அதிகம் கவலைப்பட வேண்டாம். முறையாகத் தேர்ந்தெடுத்த 1,000 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு, அதாவது கிடைத்த எண் உண்மை நிலையிலிருந்து மேலோ கீழோ விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ மூன்று புள்ளிகள். ஆனால் அந்த ஆயிரத்துக்குள் இளைஞர்கள், ஒரு கட்சியினர் என்று 250 பேரைப் பிரித்தெடுத்தால் அது ஆறு புள்ளிகளாக விரிந்துவிடும். காலப் நிறுவனத்தின் கணிப்புகளில் திருத்தத்துக்கான ஆதரவு 1989இல் 71 விழுக்காடாகவும், 2005இல் 55 விழுக்காடாகவும், 2006இல் 56 விழுக்காடாகவும் இருந்தது. 71க்கும் 56க்கும் இடையில் உண்மையான சரிவு இருக்கிறது. 55க்கும் 56க்கும் இடையில் ஒன்றுமில்லை. பிந்தையதை ‘ஆதரவு உயர்வு’ என்று யாராவது எழுதினால் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடலாம்.

கணிப்பு எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். நீதிமன்றத் தீர்ப்பு வெளியான சில நாட்களிலோ, ஜூன் 14ஆம் தேதிக் கொடி நாளையும் ஜூலை 4ஆம் தேதி விடுதலை நாளையும் ஒட்டியோ எடுக்கப்பட்ட கணிப்பு, அந்த நேரத்துச் சூட்டையும் சேர்த்தே அளக்கிறது. கொடி அவமதிப்பு தொடர்பாக 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் ஆணை பிறப்பித்த பிறகு கேட்கப்படும் கேள்விக்கு, அவரைப் பற்றிய கருத்தும் கலந்துதான் விடை வரும்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு திருத்தம் நிறைவேறுமா என்று கணிக்க முனைவோர் அதிகம். அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருத்தம் நிறைவேறக் காங்கிரசின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. ஆதரவு 71 விழுக்காடாக இருந்த 1989இல் செனட் சபையில் திருத்தத்துக்கு 51 வாக்குகளே கிடைத்தன, எதிராக 48. மறு ஆண்டு பிரதிநிதிகள் அவையிலும் 254க்கு 177 என்று அது தோற்றது. ஆதரவு 56 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்த 2006 ஜூனிலோ செனட்டில் 66க்கு 34 வாக்குகள் பெற்று, தேவையான 67க்கு ஒன்றே ஒன்று குறைந்து விழுந்தது. இடைப்பட்ட காலத்தில், 1995 முதல் 2005 வரை, பிரதிநிதிகள் அவை அதை ஆறு முறை நிறைவேற்றி அனுப்பியிருக்கிறது. மக்களின் விழுக்காடு சரிந்தபோது அவையின் வாக்கு ஏறியிருக்கிறது. வாக்களிப்பவர் மனத்தில் நாடு தழுவிய சராசரியைவிட, அடுத்த தேர்தலில் இந்த ஒரு வாக்கைத் தனக்கு எதிராக யார் பயன்படுத்துவார்கள் என்ற கணக்குதான் ஓடுகிறது என்பது என் ஊகம். அதனால்தான் ‘ஆதரிக்கிறேன்’ என்பதை மட்டும் கேட்காமல், எவ்வளவு உறுதியாக ஆதரிக்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிற கணிப்பு கூடுதல் மதிப்புடையது.

செனட்டைத் தாண்டினாலும் 38 மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டும். 13 மாநிலங்கள் மறுத்தால் போதும், திருத்தம் நின்றுவிடும். நாடு முழுவதும் 1,000 பேரிடம் கேட்கும் கணிப்பில் கலிஃபோர்னியாவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இருப்பார்கள், வயோமிங்கிலிருந்து ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். ஒப்புதல் கணக்கில் இரண்டுக்கும் எடை ஒன்றுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகு அந்த எண்ணை நீங்கள் எங்காவது எடுத்தெழுத வேண்டியிருந்தால், ‘பெரும்பாலான அமெரிக்கர்கள் தடையை விரும்புகிறார்கள்’ என்று எழுதாமல், ‘2006இல் காலப் நிறுவனம் கொடி எரிப்பைச் சட்டவிரோதமாக்க வழிசெய்யும் அரசமைப்புத் திருத்தத்தைப் பற்றிக் கேட்டபோது, 56 விழுக்காட்டினர் ஆதரித்தனர்’ என்று எழுதுங்கள்.