வந்த சரக்கைச் சரிபார்த்து வரவு வைப்பது எப்படி?

ஒரு சரக்கு குறைந்தது வழங்குநரிடமா, வழியிலா, நம் கிடங்கிலேயா என்பதைப் பிரித்துச் சொல்ல முடிவது, அது வந்து இறங்கும் நேரத்தில் மட்டுமே. அப்போது விட்டுவிட்டால், பிறகு எத்தனை பதிவேடுகளைப் புரட்டினாலும் விடை கிடைக்காது. ஆகவே புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் இந்த வேலையை முறையாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

முதலில், வண்டி வருவதற்கு முன்பே கொள்முதல் ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வந்ததும், சரக்கோடு வழங்குநர் அனுப்பும் விவரச் சீட்டான சலானில் உள்ள ஆணை எண்ணும் பொருளின் விவரமும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஆணையே இல்லாமல் வந்த சரக்கு என்றால், இறக்குவதற்கு முன் கொள்முதல் பிரிவைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவதாக, பெட்டிகளின் வெளித்தோற்றத்தைக் கவனியுங்கள். நனைந்தவை, நசுங்கியவை, நாடாவைப் பிரித்து மறுபடி ஒட்டியவை ஆகியவற்றைத் தனியே எடுத்து வைத்து, ஓட்டுநர் நிற்கும்போதே படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது எண்ணுதல். சலானில் 45 என்று படித்துவிட்டு எண்ணத் தொடங்கினால், 43 வரும்போது நம் மனமே இரண்டைக் கூட்டிக்கொள்ளும். அதனால் எண்ணுபவருக்குச் சலானில் உள்ள அளவைக் காட்டாமல், பொருளின் பெயரை மட்டும் எழுதிய தாளைக் கொடுத்து, எண்ணி முடித்த பிறகு ஒப்பிடுவதே சரியான முறை என்பது என் உறுதியான கருத்து. அடுக்கை வெளியிலிருந்து பார்த்துப் பெருக்கிக் கணக்கிடுவதும் ஆபத்தானது. வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை, ஐந்து அடுக்கு என்றால் 45 பெட்டிகள் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் நடுவிடம் காலியாக இருந்தால் உண்மையில் இருப்பவை 40 தான். அடுக்கைக் கலைத்தே எண்ணுங்கள்.

அலகையும் மறக்க வேண்டாம். ஆணையில் 10 டஜன் என்றும் சலானில் 10 பெட்டி என்றும் இருந்து, பெட்டிக்குப் பத்துப் பொருள்களே இருந்தால், 120க்குப் பதில் 100 தான் வந்திருக்கிறது. எடையில் வாங்கும் பொருளாக இருந்தால், சாக்கு அல்லது டப்பாவின் எடையைக் கழித்துவிட்டு நிகர எடையை எழுத வேண்டும். தொகுதி எண் (பேட்ச் எண்), காலாவதித் தேதி உள்ளவற்றுக்கு அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சலானில் கையெழுத்து. குறையோ சேதமோ இருந்தால் அதைச் சலானின் எல்லா நகல்களிலும் எழுதி, ஓட்டுநரின் கையெழுத்தையும் வாங்குங்கள். பெட்டிகளைத் திறந்து பார்க்க நேரமில்லையென்றால், பெட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்புக்கொள்வதாகவும் உள்ளிருப்பவை சரிபார்க்கப்படவில்லை என்றும் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஓட்டுநர் அவசரப்படுத்துவது இயல்பே. அவருக்கும் அடுத்த இடம் காத்திருக்கும். ஆயினும் வெறும் கையெழுத்து என்பது எல்லாம் சரியாக வந்தது என்று நாம் எழுதிக்கொடுப்பதற்குச் சமம்.

இனி சரக்கு வரவுக் குறிப்பு. வரிசை எண் அச்சிட்ட படிவத்தில் தேதி, வழங்குநர் பெயர், ஆணை எண், சலான் எண் ஆகியவற்றை எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் ஆணையிட்டது, வந்தது, ஏற்றது, நிராகரித்தது என நான்கு அளவுகளையும் தனித்தனியே பதியுங்கள். 100 கேட்டு 96 வந்து, அதில் 3 உடைந்திருந்தால், ஏற்றது 93. இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டியதும் அந்த 93 தான். அதை அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். உடைந்த மூன்றையும் அடையாளச் சீட்டு ஒட்டித் தனியிடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் அவை நல்ல சரக்கோடு கலந்துவிடும். கேட்டதைவிட அதிகமாக வந்திருந்தாலும் அதே நேர்மையோடு எழுதி வழங்குநருக்குத் தெரிவிக்க வேண்டும்.

குறிப்பின் ஒரு நகல் கணக்குப் பிரிவுக்குப் போகட்டும். அவர்கள் ஆணை, வரவுக் குறிப்பு, வழங்குநரின் பில் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பில் 100க்கு வந்திருந்தால், மீதி ஏழுக்கான தொகையைக் கழிக்கக் கேட்பதற்கு இந்தக் குறிப்பே ஆதாரம். மாத முடிவில் சரக்கு வந்து பில் வராமல் இருந்தால், அந்தத் தொகையையும் கொடுக்க வேண்டிய கடனாகக் கணக்கில் காட்ட வேண்டும்.