ஸ்க்ரூ, போல்ட் தலை வெளிய தெரியாம சமமா உக்கார வைக்கிறது எப்படி

கதவு கீல்ல ஒரே ஒரு ஸ்க்ரூ தலை தூக்கிட்டு நின்னாலும் கதவு முழுசா மூடாது, அழுத்தி மூடினா கீல் நெளிஞ்சு ஸ்க்ரூவே பிடுங்கிட்டு வந்துரும். நிறைய பேரு தலை உள்ள போகட்டும்னு மெஷினை வச்சு அழுத்தி இறுக்குறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, பிளைவுட்னா மேல் லேயர் கிழியும், தேக்குன்னா வெடிக்கும். தலைக்கு இடம் நாமதான் எடுத்துக் குடுக்கணும்.

கடையில சிஎஸ்கே (கவுண்டர்சங்க்) ஸ்க்ரூன்னு கேளுங்க, தலை அடியில கூம்பா இருக்கும். மெட்ரிக்னா அந்தக் கோணம் 90 டிகிரி, அமெரிக்க இன்ச் அளவுன்னா 82. தலைக்கு கூம்புக் குழி எடுக்கிற கவுண்டர்சிங்க் பிட்டும் அதே கோணத்துல இருக்கணும், 82 பிட்டுல எடுத்த குழியில 90 தலைய வச்சா ஓரம் மட்டும்தான் தொடும், கீழ காலியா நிக்கும்.

முதல்ல ஓட்டை, அப்புறம்தான் கூம்பு. தேக்குல 8 நம்பர் ஸ்க்ரூவுக்கு 3 மில்லி பிட் போட்டு ஓட்டை எடுங்க, ரெண்டு பலகைய சேர்க்கிறீங்கன்னா மேல் பலகையில மட்டும் ஸ்க்ரூ லூசா போற அளவு பெருசாக்குங்க, இல்லன்னா நடுவுல இடைவெளி விழும். அப்புறம் ஸ்பீடை நல்லா குறைச்சு கவுண்டர்சிங்க் போடுங்க, வேகமா ஓட்டினா பிட் அதிர்ந்து குழி வட்டமாவே வராது. கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திட்டு ஸ்க்ரூவை தலைகீழா புடிச்சு தலைய குழி வாயில வச்சுப் பாருங்க, ரெண்டு விளிம்பும் ஒண்ணா இருந்தா போதும், அதுக்கு மேல ஒரு சுத்து கூட வேணாம். இந்த செக் ரொம்ப முக்கியம், ஆழமா போயிட்டா திரும்ப மேல கொண்டுவர முடியாது.

ஆலன் போல்ட்டுக்கு, அதாவது உருளைத் தலையில ஆறு மூலை ஓட்டை இருக்கிற போல்ட்டுக்கு, கூம்பு ஆகாது, தட்டையான அடி இருக்கிற குழி வேணும். எம்8 (8 மில்லி தடிமன் போல்ட்) தலை 13 மில்லி அகலம், 8 மில்லி உயரம், அதனால 15 மில்லி அகலத்துல எட்டரை மில்லி ஆழம் எடுங்க, நடு ஓட்டை 9. இந்த போல்ட்டை மரத்துல போடும்போது மட்டும் வரிசை மாறும், பெரிய குழிய முதல்ல எடுங்க, ஏன்னா நடுவுல ஏற்கனவே ஓட்டை இருந்தா தட்டை பிட்டோட முனைக்குப் புடிமானம் இருக்காது.

2 மில்லி தகட்டுல எம்6 சிஎஸ்கே போடவே போடாதீங்க, தலையே 3 மில்லிக்கு மேல இருக்கு, கூம்பு தகட்டைத் தாண்டி ஓட்டைய பெருசாக்கி ஓரத்தை கத்தி மாதிரி ஆக்கிரும். அங்க எம்3 போடுங்க.