முதல் சீசன் பாஸ்: ஒரே மலையா, பல மலைகளா?

மார்ச் பிறந்ததும் அமெரிக்காவின் ஸ்கீ கம்பெனிகளிடமிருந்து மெயில் வர ஆரம்பித்துவிடும். அடுத்த குளிர்காலத்துக்கான பாஸை இப்போதே வாங்கினால் இந்த விலை, தள்ளிப்போட்டால் ஏறிவிடும் என்று. பனிச்சறுக்கு பழகி ஒரு சீசன்கூட முடியாதவர்கள், பல மலைகளுக்கான பெரிய பாஸ்களில் எபிக் வாங்கலாமா ஐக்கான் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கும்போது, கார்டை உள்ளே வையுங்கள், முதலில் ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பாஸ்களில் இரண்டு வகை. ஒன்று, ஒரே மலைக்கானது: அந்த மலை திறந்திருக்கும் வரை எத்தனை நாள் வேண்டுமானாலும் போகலாம். இன்னொன்று, பல ரிசார்ட்டுகளுக்கும் செல்லுபடியாகும் பெரிய பாஸ். வெயில் (Vail) ரிசார்ட்ஸ் என்ற கம்பெனி 2008இல் எபிக் பாஸைக் கொண்டுவந்தது, ஆல்டெரா என்ற கம்பெனி 2018இல் ஐக்கானைத் தொடங்கியது. 2025-26 சீசனுக்கு எபிக்கின் ஆரம்ப விலை 1,051 டாலர், ஐக்கான் 1,329 டாலர். வெயில், பார்க் சிட்டி மாதிரி இடங்களில் நெரிசலான நாளில் கவுன்ட்டரில் வாங்கும் ஒருநாள் டிக்கெட்டே 300 டாலரைத் தாண்டிவிட்டது. அதைப் பார்த்தவுடன், நாலு நாள் போனாலே பாஸ் காசு வந்துவிடுமே என்று தோன்றும். கவுன்ட்டர் விலை அவ்வளவு உயரத்தில் இருப்பதே உங்களை முன்கூட்டியே பாஸ் வாங்க வைக்கத்தான். ஒரு துளி பனி விழுவதற்கு முன்பே கம்பெனிக்குப் பணம் வந்துவிடுகிறது, பனி பொய்த்தால் நஷ்டம் நம் பக்கம்.

படி 1: நாட்களை எண்ணுங்கள். போன குளிர்காலத்து காலண்டரை எடுத்து, டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையுள்ள சனி ஞாயிறுகளைக் குறியுங்கள். ஊருக்குப் போன நாட்கள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம், ஆபீஸ் வேலை இழுத்த வாரம் எல்லாவற்றையும் அடியுங்கள். மிஞ்சுவதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்தில் எல்லோருமே ஆசையில் இருபது நாள் என்று எழுதுவார்கள், நான் பார்த்தவரை பெரும்பாலோர் ஏழெட்டு நாளில் நிற்கிறார்கள்.

படி 2: வகுத்துப் பாருங்கள். ஒரு கணக்குக்கு, பக்கத்து சின்ன மலையின் பாஸ் 500 டாலர், அங்கே ஆன்லைனில் முன்பே வாங்கினால் ஒருநாள் டிக்கெட் 80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது நாளில் பாஸ் காசு வந்துவிடும். பெரிய பாஸ் 1,051, அதன் மலைகளில் முன்பே வாங்கிய டிக்கெட் 150 என்றால் எட்டாவது நாளில்தான் வரும். வகுக்க வேண்டியது முன்பதிவு விலையால், கவுன்ட்டர் விலையால் அல்ல. இன்னொன்று, புதிதாகப் பழகுபவருக்கு முழு மலைக்கான டிக்கெட்டே தேவைப்படாமல் போகலாம். பல மலைகளில் பழகுமிட லிஃப்ட்டுக்கு மட்டும் தனியாக மலிவு டிக்கெட் உண்டு, பாடமும் வாடகை ஸ்கீயும் சேர்த்துத் தரும் பேக்கேஜும் உண்டு.

படி 3: சாலையைப் பாருங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கொலராடோவின் டென்வரிலிருந்து மலைகளுக்குப் போகும் ஐ-70 சாலையில் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் பாருங்கள், ஐசன்ஹவர் சுரங்கத்துக்கு வெகுதூரம் முன்பே பிரேக் விளக்குகள் வரிசையாகச் சிவந்து நிற்கும். இரண்டு மணி நேரப் பயணம் எனக்கு நான்கு மணி நேரமாக ஆன நாட்கள் உண்டு. பூட்ஸ் மாட்டி முடிக்கும்போது பதினொன்றரை, பழகாத கால்கள் ஒரு மணிக்கே நடுங்க ஆரம்பித்துவிடும். அதுவே வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஒரு மலை இருந்து, அதன் பாஸும் கையில் இருந்தால், புதன்கிழமை வேலை முடிந்து போய் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் சறுக்கிவிட்டு வரலாம். டிக்கெட் காசை வசூல் செய்தாக வேண்டும் என்று களைத்த கால்களோடு கடைசி ரன் போகத் தோன்றாது. அப்புறம், பச்சைக் குறி போட்ட ஒரே எளிய சரிவில் முப்பது நாற்பது தடவை இறங்கினால் எந்த வளைவில் மதியத்துக்குமேல் பனி கண்ணாடியாக இறுகும், எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது காலுக்கே தெரிந்துவிடும். சறுக்கும்போது வளைந்து திரும்ப நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். ஐந்து மலைகளில் ஒவ்வொரு நாள் போயிருந்தால், பாதி நேரம் வரைபடத்தைப் பார்த்தபடி நின்றிருப்பேன்.

படி 4: சின்ன எழுத்துகளைப் படியுங்கள். பெரிய பாஸ் என்றாலே எல்லா மலையிலும் எல்லா நாளும் என்று அர்த்தம் இல்லை. ஐக்கானில் சில மலைகளுக்குத்தான் வரம்பு கிடையாது, மற்ற பலவற்றில் ஏழு நாள் வரைதான். விலை குறைந்த பேஸ் பாஸில் அது ஐந்து நாள், கூடவே கிறிஸ்துமஸ் வாரம் மாதிரி பாஸ் செல்லாத பிளாக்அவுட் நாட்களும் வரும். மலைகளின் பட்டியலும் மாறும். கொலராடோவின் அரபஹோ பேசின் 2019இல் எபிக்கை விட்டு விலகி ஐக்கானில் சேர்ந்தது, 2024இல் ஆல்டெராவே அதை வாங்கிவிட்டது. அதனால் வாங்கப்போகும் சீசனின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். ஸ்கீக்குப் பதில் இரண்டு கால்களுக்கும் ஒரே பலகையான ஸ்னோபோர்டு பழகுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: யூட்டாவின் ஆல்டா, டியர் வேலி, வெர்மாண்டின் மேட் ரிவர் கிளென் மூன்றிலும் ஸ்கீ மட்டும்தான், போர்டுக்கு அனுமதி இல்லை.

ரீஃபண்ட் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். 2020 மார்ச் நடுவில் கொரோனாவால் ஒரே வாரக் கடைசியில் மலைகள் மூடியபோது அதன் அருமை எல்லோருக்கும் புரிந்தது. முழங்கால் பிசகினால் பணம் திரும்ப வருமா, வர என்ன சான்று கேட்பார்கள் என்று வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

படி 5: நடுவில் இருப்பதையும் பாருங்கள். நாலைந்து நாள்தான் என்று கணக்கு வந்தால் இரண்டு வகையுமே உங்களுக்கு அதிகம். எபிக்கிலேயே ஒன்றிலிருந்து ஏழு நாள் வரை முன்பே வாங்கிக்கொள்ளும் டே பாஸ் இருக்கிறது. இண்டி பாஸ் என்பது சின்ன, தனித்து நடக்கும் மலைகளில் தலா இரண்டு நாள் தரும். கொலராடோவின் லவ்லேண்ட், மொனார்க் மாதிரி மலைகள் தங்கள் சொந்த சீசன் பாஸோடு வேறு மலைகளில் சில இலவச நாட்களையும் சேர்த்தே தருகின்றன, புதியவர்களுக்கு எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது.

பெரிய பாஸ் எப்போது சரி? உங்கள் பக்கத்து மலையே அந்தப் பட்டியலில் இருந்து, கூடவே ஒரு வாரம் கனடாவின் விஸ்லருக்கோ யூட்டாவுக்கோ போவது உறுதி என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். என்றாவது ஒருநாள் போகலாம் என்ற எண்ணம் மட்டும் இருந்தால் அந்த வருடம் வேண்டாம்.

தீர்மானித்தபின் தள்ளிப்போடாதீர்கள். வசந்தகால விலைதான் குறைவு, எபிக் விற்பனை டிசம்பர் தொடக்கத்தில் மூடிவிடும். பாஸ் கார்டு கைக்கு வந்ததும் ஜாக்கெட்டின் இடது பக்கப் பையில் தனியாக வையுங்கள், ஃபோனை வேறு பையில். இரண்டும் ஒட்டியிருந்தால் லிஃப்ட் கேட் திறக்க மறுக்கும், பின்னால் வரிசை நிற்கும். தனியாக இருந்தால் கையுறையைக்கூடக் கழற்ற வேண்டாம், லேசாக இடப்பக்கம் சாய்ந்து நின்றாலே பச்சை விளக்கு எரிந்து கேட் திறந்துவிடும்.