படகுக் கபின் ஏசி ஐஸ் பிடிக்கிறதா? காஸ் அடிக்க முன்னர் இவற்றைப் பாருங்கள்

கபினுக்குள் ஏசி ஓடுகிறது, சத்தமும் கேட்கிறது. ஆனால் காற்று வரவரக் குறைந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளிரும் போய்விடுகிறது. மூடியைக் கழற்றினால் கொயில், அதாவது காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள், முழுக்க வெள்ளையாக ஐஸ். நிறுத்திவிட்டாலோ தண்ணீர் ஒழுகி மெத்தையும் பலகையும் நனைகின்றன. வாழைச்சேனையில் ஆழ்கடல் படகு வைத்திருப்பவரானாலும், பாசிக்குடாவிலோ மட்டக்களப்பு வாவியிலோ சுற்றுலாப் பயணிகளை ஏற்றுபவரானாலும், இதற்கு முதலில் காதில் விழும் பதில் ஒன்றுதான்: "காஸ் குறைஞ்சிட்டுது, அடிக்க வேணும்."

அதற்கு உடனே தலையாட்டாதீர்கள். ஐஸ் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றை. காற்றுப் பக்கத்தைச் சரிபார்க்கப் பெரிய செலவில்லை. ஒரு ஸ்குறூ டிரைவர், மெல்லிய பிரஷ், வாளியில் சவர்க்காரத் தண்ணீர், ஒரு சின்ன வெப்பமானி, இவ்வளவும் போதும்.

கொயிலுக்குள் இருக்கும் காஸ் ஆவியாகும்போது கபின் காற்றின் சூட்டை உறிஞ்சுகிறது. ஏசி சரியாக ஓடினால் கொயில் 0 பாகைக்கு மேலேயே நிற்கும். அதில் படியும் ஈரம் தண்ணீராகச் சொட்டித் தட்டில் விழும். கொயிலைத் தொட்டுப் போகும் காற்று குறைந்தால் உறிஞ்சுவதற்குச் சூடு போதாது. கொயில் 0 பாகைக்குக் கீழே இறங்கும், ஈரம் அங்கேயே உறையும். உறைந்த ஐஸ் காற்றை மறிக்கும், காற்று மறிபட்டால் ஐஸ் இன்னும் கூடும். நம்முடைய கரையோரக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் இது சுறுக்காக நடக்கும். அப்படியே ஓடவிட்டால் ஆவியாகாத காஸ் திரவமாகவே, காஸை அமுக்கிச் சுற்றவிடும் கொம்பிரசருக்குத் திரும்பும். கொம்பிரசர் திரவத்தை அமுக்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. யூனிட்டில் விலை கூடிய பாகமும் அதுதான்.

கரைக்க முன்னர் ஒரு படம் எடுங்கள்

ஐஸ் எங்கே பிடித்திருக்கிறது என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கொயில் முழுக்க ஒரே சீராகப் பிடித்து, கொம்பிரசருக்குத் திரும்பும் பெரிய குழாய் வரை வந்திருந்தால் காற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். காஸ் உள்ளே நுழையும் பக்கத்தில் மட்டும் ஒரு பட்டையாகப் பிடித்து, மற்றப் பகுதி குளிராமல் இருந்தால் காஸ் குறைவாக இருக்கக்கூடும். கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள், பிறகு ஏசி திருத்தும் பாஸிடம் காட்ட உதவும். ஆனால் நீண்ட நேரம் ஓடினால் எந்தக் காரணத்தால் வந்த ஐஸும் முழுக் கொயிலுக்கும் பரவிவிடும். அதனால் ஐஸ் பிடிக்கத் தொடங்கும் நேரத்தில் பார்ப்பதே சரியான பார்வை.

கரைத்தல்

குளிரூட்டலை நிறுத்தி, ஃபேனை மட்டும் முழு வேகத்தில் விடுங்கள். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கலாம். சில யூனிட்டுகளில் ஐஸ் கரைக்கும் வசதி உள்ளேயே இருக்கும், கையேட்டைப் பாருங்கள். கத்தியாலோ ஸ்குறூ டிரைவராலோ ஐஸைக் குத்திப் பெயர்க்க வேண்டாம். அலுமினியத் தகடுகளுக்குப் பின்னால் ஓடுவது மெல்லிய செப்புக் குழாய். ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் இல்லாத காஸ் பிரச்சினையை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

கரைகிற நேரம் தட்டிலிருந்து தண்ணீர் எங்கே போகிறது என்று கவனியுங்கள். வெளியேறும் ஓஸில் பாசி அடைத்திருந்தால் துப்புரவாக்குங்கள். அந்த ஓஸின் வாய் என்ஜின் அறைக்குள்ளோ, புகை வெளியேறும் குழாய்க்குப் பக்கத்திலோ முடியக் கூடாது. என்ஜின் புகையில் உள்ள காபன் மொனொக்சைட் அதே வழியால் கபினுக்குள் ஏறி, தூங்குபவர்களின் உயிரை எடுத்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உங்கள் படகில் அப்படி இருந்தால் மற்ற எல்லா வேலைக்கும் முன்னர் அதை மாற்றுங்கள்.

காற்று வரும் வழி, போகும் வழி

இதில்தான் அவசரப்படாமல் நேரம் எடுக்க வேண்டும். முதலில் கரைக் கறண்ட் வயரைக் கழற்றுங்கள். ஜெனரேட்டர், இன்வேட்டர் இருந்தால் அவற்றையும் நிறுத்துங்கள்.

பில்டரை எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தூசு அதில் களியாக ஒட்டும். தினமும் ஓடும் படகில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பில்டரைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, ஏசி காற்றை உள்ளே இழுக்கும் கிரில். பெரும்பாலும் அது இருக்கைக்குக் கீழே இருக்கும். நம் ஆட்கள் லைஃப் ஜக்கெட்டுகளையும் பாய்களையும் அடுக்குவதும் அங்கேதான். ஏசி இழுக்கும் காற்று முழுவதும் அந்த ஒரு வாயால்தான் போக வேண்டும். அதை மறித்துப் பொருள் வைக்காதபடி ஒரு பலகையை அடித்துவிடுங்கள். இரண்டு ஆணி வேலைதான், ஆனால் பல தடவை வரும் ஐஸை அதுவே நிறுத்திவிடும்.

பிறகு காற்றுக் குழாய்கள். வளையும் குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறதா, மடிந்திருக்கிறதா, தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். யூனிட்டுக்குப் பக்கத்தில் கிழிந்திருந்தால் குளிர்ந்த காற்றே திரும்ப உள்ளே இழுபடும், அதுவும் ஐஸுக்கு வழி. இன்னொரு பழக்கமும் பரவலாக உண்டு: ஒரு கபினுக்குக் குளிர் கூட வேண்டும் என்று மற்றக் கபினின் காற்று வாயை மூடிவிடுவது. யூனிட்டுக்கு வேண்டிய மொத்தக் காற்று அதனால் குறைகிறது. எல்லா வாய்களையும் திறந்துவிடுங்கள்.

கொயிலின் தகடுகளைப் பில்டர் பக்கமிருந்து வெளிச்சம் அடித்துப் பாருங்கள். உப்பும் தூசும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து ஒரு படலமாக ஒட்டியிருக்கும். மெல்லிய பிரஷால் தகடுகள் ஓடும் திசையிலேயே மட்டும் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்துக் கழுவுங்கள். வயர்களை முதலிலேயே பொலித்தீனால் மூடிவிடுங்கள். அசிட் வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும்.

எல்லாம் காய்ந்த பிறகு ஏசியைப் போட்டு ஃபேனைக் கவனியுங்கள். வேகத்தைக் கூட்டினால் காற்று கூடுகிறதா? கூடாவிட்டால் ஃபேன் சக்கரத்தில் அழுக்கு இருக்கலாம், ஃபேன் மோட்டரைச் சுழலவைக்க உதவும் கப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம். கப்பாசிட்டரில் கறண்டை நிறுத்திய பிறகும் மின் இருக்கும், அதைத் தொடாமல் தெரிந்தவரிடம் விடுங்கள். இறங்குதுறையில் நீளமான மெல்லிய வயரால் கறண்ட் எடுப்பவர்கள், ஏசி ஓடும்போது படகுப் பக்கத்தில் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். 230 வர வேண்டிய இடத்தில் நன்றாகக் குறைந்திருந்தால் ஃபேன் வேகம் குறையும், கொம்பிரசரும் கஷ்டப்படும்.

16 பாகையில் வைக்காதீர்கள்

கச்சான் காற்று வீசும் வெக்கையான மாதங்களில் கபினுக்குள் சூடு தாராளமாக இருக்கும், கொயிலுக்கு வேலை போதும். மாரியில்தான் சிக்கல். மழை இரவில் கபின் ஏற்கனவே குளிர்ந்திருக்கும், ஈரமோ நிறைய. அந்த நேரம் 16 பாகையும் மெதுவான ஃபேனும் வைத்துத் தூங்கினால் ஐஸுக்கு வேறு காரணம் தேவையில்லை. 24 பாகையில், ஃபேனை நடுத்தர வேகத்திலாவது வையுங்கள். கதவையும் மேல் மூடியையும் சாத்தியே வையுங்கள்.

வெப்ப உணரி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். என்ஜின் பக்கச் சுவரிலோ வெயில் படும் கண்ணாடிக்கு அருகிலோ இருந்தால், கபின் குளிர்ந்தது அதற்குத் தெரியவே தெரியாது. கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

கடல்தண்ணீர் பம்ப்

பலரும் ஐஸைக் கண்டதும், ஏசிக்குக் கடல்தண்ணீர் அனுப்பும் பம்பின் வடிகட்டியைக் கழற்றத் தொடங்குகிறார்கள். வாவியில் பாசி, சேறு, மாரியில் ஆற்றுவாழை வேர் எல்லாம் வடிகட்டியை அடைப்பது உண்மை, அடிக்கடி கழுவத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீர் ஏசியின் சூட்டை வெளியே கொண்டுபோவது. அது குறைந்தால் அழுத்தம் கூடி யூனிட் தானாக நின்றுவிடும். நம்முடைய சூடான தண்ணீரில் ஐஸுக்கு அது காரணமாக வராது.

கடைசியாகக் காஸ்

இவ்வளவும் செய்த பிறகு, ஏசியை 20 நிமிடம் ஓடவிட்டு உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். 8 முதல் 11 பாகை வரை வித்தியாசம் இருந்தால் நல்லது. காற்று தாராளமாக வந்தும் வித்தியாசம் குறைவாக இருக்கிறது, கொயிலின் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் தொடங்குகிறது என்றால் இப்போது பாஸைக் கூப்பிடலாம்.

காஸ் பாவிக்கப் பாவிக்கத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. பொருத்துகளில் எண்ணெய்க் கறை தெரிகிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைத்து, உள்ளிருக்கும் காற்றை வெற்றிடப் பம்பால் இழுத்த பிறகு, யூனிட்டில் ஒட்டியுள்ள லேபிளில் எழுதியிருக்கும் எடைக்குத் தராசில் நிறுத்து அடிக்கச் சொல்லுங்கள். இந்தச் சின்ன யூனிட்டுகளில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பிழைதான், கைக்கணக்கு சரிவராது. வேலை நடக்கும்போது கபினின் கதவு, மேல் மூடி எல்லாம் திறந்திருக்கட்டும், உள்ளே சிகரட், அடுப்பு எதுவும் வேண்டாம். காஸ் காற்றைவிடப் பாரமானது, படகின் அடியில் தேங்கி நின்று மூச்சை முட்டச் செய்யும்.

பாஸ் போக முன்னர் கபினை மூடி இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். கொம்பிரசருக்குத் திரும்பும் பெரிய குழாயில் ஐஸ் இல்லாமல் வெறும் தண்ணீர்த் துளிகள் மட்டும் நின்றால் காசைக் கொடுக்கலாம்.