பிளே கிளாக்கைக் கவனிப்பது எப்படி: புதிதாக பேக் ஜட்ஜ் ஆகிறவர்களுக்கு

இது அமெரிக்கன் ஃபுட்பால் பற்றிய பதிவு. ஒஹையோவில் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறேன். பெரும்பாலும் எனக்கு பேக் ஜட்ஜ் (தடுக்கும் அணிக்குப் பின்னால் நிற்கும் நடுவர்) இடம்தான். ஐந்து பேர் குழுவில் பிளே கிளாக், அதாவது தாக்கும் அணி அடுத்த ஸ்னாப்பை (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்குவதை) முடிக்க வேண்டிய நேரத்தைக் காட்டும் கடிகாரம், அவர் தலையில்தான் விடியும்.

என் இரண்டாவது சீசனில், ஒரு சனிக்கிழமை காலை ஜூனியர் வார்சிட்டி (பள்ளியின் இரண்டாம் நிலை அணி) ஆட்டத்தில், நேரம் முடிவதற்கு முன்பே விசில் ஊதிவிட்டேன். ஊதிய அதே நொடியில் பந்து குவார்ட்டர்பேக் கைக்குப் போய்விட்டது. விசில் காதில் விழாத ஒரு பையன் அதை வாங்கிக்கொண்டு 30 யார்டு ஓடி எண்ட் சோனுக்குள் போய் நின்றான். தவறான விசில் என்று ரெஃப்ரி (தலைமை நடுவர்) அறிவித்தார், நான் எறிந்த பெனால்டி கொடியை எடுத்துக்கொண்டோம், அந்த அணி அதே டவுனை (அதே முயற்சியை) திரும்ப ஆடியது. டச் டவுன் போனது போனதுதான். அந்தப் பையன் பந்தைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நடந்தான். அந்த வாரம் முழுக்க அந்த ஒரு நொடியைத்தான் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். அப்போது எழுதி வைத்ததைத்தான் இங்கே தருகிறேன்.

ஸ்னாப், டவுன், ஸ்கிரிமேஜ் கோடு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: 40 எப்போது, 25 எப்போது

பள்ளி விதிகளில் 40 விநாடி முறை 2019 சீசனில்தான் வந்தது. அதற்கு முன், பந்து தயார் என்று ரெஃப்ரி விசில் ஊதியதிலிருந்து 25 விநாடி. ஒரு ரெஃப்ரி சட்டென்று ஊதுவார், இன்னொருவர் நிதானமாக ஊதுவார். ஆட்டத்தின் வேகம் அன்றைக்கு வந்த ரெஃப்ரியைப் பொறுத்து மாறிவிடும். இப்போது முந்தைய ஆட்டம் (முழு ஆட்டம் இல்லை, முந்தைய ஒரு டவுன்) முடிந்த நொடியிலிருந்தே 40 ஓடத் தொடங்குகிறது. கல்லூரி ஆட்டங்கள் 2008-லேயே இதற்கு மாறிவிட்டன. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-லில் இந்த முறை முதலில் 45 ஆக இருந்தது, 1993-ல் 40 ஆனது.

டைம்-அவுட், டச் டவுனுக்குப் பிறகு வரும் கூடுதல் புள்ளி முயற்சி, பந்து அணி மாறுவது, கால் பகுதியின் (குவார்ட்டரின்) தொடக்கம், பெனால்டியை அளந்து முடித்தது, இவற்றுக்கெல்லாம் 25. அது ரெஃப்ரியின் விசிலில் தொடங்கும். நான் மனதில் வைத்திருக்கும் கணக்கு எளிது. ஆட்டம் தானாக முடிந்தால் 40. நாங்கள் நிறுத்தி ஏதாவது வேலை பார்த்தால் 25. விதிவிலக்கு ஒன்று உண்டு: தடுக்கும் அணியின் பையனுக்கு அடிபட்டு நிறுத்தினால், அந்த 25 கிடையாது, 40 தர வேண்டும். இல்லாவிட்டால் எதிரணியின் காயத்தால் தாக்கும் அணி நேரத்தை இழக்கும்.

புதியவர்கள் இங்கே குழம்புவது கேம் கிளாக்கையும் (முழு ஆட்டத்தின் மிச்ச நேரத்தைக் காட்டும் பெரிய கடிகாரம்) பிளே கிளாக்கையும் ஒன்றாக நினைப்பதால். பாஸ் கீழே விழுந்தாலோ, ஓடியவன் எல்லைக் கோட்டைத் தாண்டினாலோ கேம் கிளாக் நிற்கும். பள்ளி ஆட்டத்தில் ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்தாலும் நிற்கும். ஆனால் பிளே கிளாக்கின் 40 அப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெரிய கடிகாரம் நிற்பதைப் பார்த்துக் கையில் உள்ளதையும் நிறுத்திவிடாதீர்கள்.

படி 2: ஆட்டத்துக்கு முன் மாடிக்கு ஏறுங்கள்

மைதானத்தில் பிளே கிளாக் பலகை இருந்தால், அதை இயக்குபவர் மேலே பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் ஆசிரியர் யாராவது, அல்லது ஒரு வீரனின் அப்பா. ஐந்து நிமிடம் ஒதுக்கி அவரைப் பார்த்து மூன்று விஷயம் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் உள்ள நடுவர் கையை உயர்த்துவார், அந்தக் கையைப் பார்த்து 40-ஐத் தொடங்க வேண்டும், விசிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரெஃப்ரி ஒரு உள்ளங்கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிக் காட்டினால் 25-க்கு மாற்ற வேண்டும். இரண்டு கையாலும் காட்டினால் 40-க்கு.

இந்தச் சந்திப்பைத் தவறவிடாதீர்கள். களத்தில் நடக்கும் பாதிக் குழப்பம் மேலே இருப்பவருக்கு யாரும் எதுவும் சொல்லாததால் வருவது.

படி 3: பலகை இல்லாத மைதானம்

ஜூனியர் ஆட்டங்கள் பலவற்றில் பலகை இருக்காது. அப்போது உங்கள் மணிக்கட்டுதான் கடிகாரம். இதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. தொடுதிரை ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம். அக்டோபர் மழையில், கையுறை போட்ட விரலுக்கு அது அசையாது. நடுவர்களுக்கென்றே 40, 25 இரண்டும் பதிந்து வரும், அழுத்தும் பட்டன் வைத்த, அதிரும் டைமர் வாங்குங்கள். அதிர்வு முக்கியம். குனிந்து மணி பார்க்கும் நேரத்தில் ரிசீவர் ஒருவர் விதியை மீறி நகர்ந்திருப்பார்.

பத்து விநாடி மிச்சம் இருக்கும்போது ஒரு கையை நேராக மேலே தூக்குங்கள். ஐந்து ஆனதும் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு தடவை கையை இறக்கி ஏற்றுங்கள். குவார்ட்டர்பேக் உங்களைத்தான் பார்ப்பான். உங்கள் கைதான் அவனுக்குப் பலகை. அதனால் தாளம் சீராக இருக்கட்டும். பதற்றத்தில் கை வேகமாகப் போகும், எனக்கும் போயிருக்கிறது. வீட்டில் கைபேசி ஸ்டாப் வாட்ச்சை வைத்து ஐந்து விநாடி தட்டிப் பழகுங்கள். ஒரு வாரத்தில் கை தானாக அந்த அளவுக்கு வந்துவிடும்.

படி 4: கண் எங்கே இருக்க வேண்டும்

நான் இடறிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பலகை உள்ள மைதானத்தில் பேக் ஜட்ஜ் தடுக்கும் அணிக்குப் பின்னால், பந்திலிருந்து இருபது யார்டு தள்ளி நிற்பார். அங்கிருந்து பார்த்தால் தாக்கும் அணிக்குப் பின்னால் உள்ள எண்ட் சோனைத் தாண்டிப் பலகை தெரியும். மேலே எண், கீழே பந்து. அன்றைக்கு நான் என்ன செய்தேன்? மூன்று வந்ததும் பந்துக்கு வந்தேன், மறுபடி எண்ணுக்குப் போனேன், மறுபடி பந்து. கடைசி விநாடியை மனதுக்குள் எண்ணினேன். மனது எண்ணிய பூஜ்யம் பலகையின் பூஜ்யத்தை முந்திவிட்டது. விசில் வாயில் இருந்தது, ஊதிவிட்டேன்.

சரியான முறை இது. கடைசி ஐந்து விநாடி கண் எண்ணிலேயே இருக்கட்டும். பந்தைப் பார்க்காதீர்கள், பார்க்கத் தோன்றும், பார்க்காதீர்கள். பூஜ்யம் வந்ததை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு கீழே பந்துக்கு இறங்குங்கள். சென்டரின் கை அசைந்திருந்தால் ஆட்டம் நடக்கட்டும். பந்து புல்லில் அசையாமல் இருந்தால் கொடி.

கடிகாரம், பிறகு பந்து. எப்போதும் அந்த வரிசை. என்எஃப்எல் பேக் ஜட்ஜும் இப்படித்தான் செய்கிறார். டிவியில் பூஜ்யம் தெரிந்த பிறகு ஸ்னாப் நடந்தும் கொடி விழாததைப் பார்த்து வீட்டில் கத்துகிறோமே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கண் மேலிருந்து கீழே இறங்க எடுக்கும் அந்தச் சின்ன நேரம் தாக்கும் அணிக்குக் கிடைக்கிறது. இரண்டு அணிக்கும் ஒரே அளவில் கிடைப்பதால் அது நியாயம் என்றே நினைக்கிறேன். மாறாக, பந்தைப் பார்த்துக்கொண்டே ஊகித்து ஊதினால் ஒரு அணிக்கு 40, இன்னொரு அணிக்கு 39 ஆகிவிடும். அதற்கு விதியில் இடம் கிடையாது.

அந்தச் சின்ன நேரத்துக்கும் எல்லை உண்டு. 2021 செப்டம்பர் 26, டெட்ராய்ட். என்எஃப்எல் ஆட்டத்தில் லயன்ஸுக்கு எதிராக ரேவன்ஸ் கடைசி நொடிகளில் ஒரு பாஸ் வீசினார்கள். ஸ்னாப்புக்கு முன் பிளே கிளாக் பூஜ்யத்தில் நின்றது ஒளிபரப்பில் தெளிவாகத் தெரிந்தது. கண் இறங்கும் நேரத்தைவிட அது நீளம். கொடி விழவில்லை. அடுத்து ரேவன்ஸின் ஜஸ்டின் டக்கர் 66 யார்டிலிருந்து உதைத்த பந்து குறுக்குக் கம்பியில் பட்டு எகிறி உள்ளே விழுந்தது. ரேவன்ஸ் 19-17 என்று வென்றார்கள். அவ்வளவு தூரத்து ஃபீல்ட் கோல் அப்போதைய என்எஃப்எல் சாதனை. கொடி விழுந்து ஐந்து யார்டு பின்னால் தள்ளியிருந்தால் 71 யார்டு. இதை நான் அந்த நடுவரைக் குறை சொல்ல எழுதவில்லை. பூஜ்யத்திலிருந்து பந்துக்கு வரும் பார்வை ஒரே இழுப்பில் வர வேண்டும், நடுவில் வேறு எங்கும் தங்கக் கூடாது என்று புதியவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படி 5: கொடியும் விசிலும் சேர்ந்தே

டிலே ஆஃப் கேம் (பிளே கிளாக் முடிந்தும் ஸ்னாப் செய்யாதது) என்பது பந்து உயிர் பெறுவதற்கு முன்பே நடக்கும் குற்றம். எனவே ஆட்டம் தொடங்கவே கூடாது. கொடியை எறிந்துவிட்டு விசிலை மறந்தால் இருபத்திரண்டு பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதுவார்கள், யாருக்காவது அடிபடும். பலமாக, திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டே பந்தை நோக்கி ஓடுங்கள். இரு ஓரத்திலும் நிற்கும் நடுவர்களும் ஊதியபடி உள்ளே வருவார்கள்.

பிறகு ரெஃப்ரியிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் மார்புக்கு முன் கைகளைக் கட்டிச் சைகை காட்டுவார். ஐந்து யார்டு பின்னால், அதே டவுன். எதிரணி வேண்டாம் என்று மறுக்கலாம் என்பதை மறக்காதீர்கள். பன்ட் அடிக்கப் போகும் (பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும்) அணி சில சமயம் இடம் கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தும், அதைப் புரிந்துகொண்ட எதிரணி கேப்டன் மறுத்துவிடுவான். அதனால் கேட்காமல் பந்தை நகர்த்தாதீர்கள்.

இரண்டு நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் கேம் கிளாக்கையும் யோசியுங்கள். பள்ளி விதிப்படி, குற்றத்தால் பாதிக்கப்பட்ட அணி கேம் கிளாக்கை ஸ்னாப்பில் தொடங்கச் சொல்லிக் கேட்கலாம். இல்லாவிட்டால் பின்தங்கியவர்களின் நேரத்தை முன்னிலையில் இருப்பவர்கள் ஐந்து யார்டு கொடுத்தே தின்றுவிடுவார்கள். 2020 ஜனவரி 4 அன்று ஃபாக்ஸ்பரோவில் நடந்தது இதுதான். டைட்டன்ஸ் பயிற்சியாளர் மைக் வ்ரேபெல், முன்னிலையில் இருந்தபோது, பேட்ரியாட்ஸுக்கு எதிராகக் கேம் கிளாக் ஓடும்போதே பெனால்டிகளை அடுத்தடுத்து வாங்கிக்கொண்டு நேரத்தைக் கரைத்தார். டைட்டன்ஸ் 20-13 என்று வென்றார்கள். அந்த ஆண்டே என்எஃப்எல் விதியை மாற்றி அந்த ஓட்டையை அடைத்தது.

பிற்சேர்க்கை 1: ஆட்டத்தின் நடுவே பலகை உறைந்துவிட்டால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மூன்றாம் கால் பகுதியில் நடந்தது. வடக்குப் பக்கப் பலகை 17-லேயே நின்றுவிட்டது, தெற்கில் உள்ளது சரியாக ஓடியது. ஒன்று கெட்டால் இரண்டையும் அணைக்க வேண்டும், இரண்டு பயிற்சியாளருக்கும் உடனே சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் ஒரு அணிக்கு மட்டும்தான் நேரம் தெரியும். அதன் பிறகு படி 3 தான், கையும் டைமரும். அதனால்தான் பலகை இருக்கும் மைதானத்துக்கும் டைமரைக் கட்டிக்கொண்டே போகிறேன்.

பிற்சேர்க்கை 2: டெக்சாஸிலிருந்து எழுதிய நண்பருக்கு. உங்கள் பள்ளிகள் கல்லூரி விதிகளைத் தழுவி ஆடுகின்றன, அதனால் 25 பட்டியலை உங்கள் புத்தகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட இன்னொரு சந்தேகம்: தாக்கும் அணி கடைசி நேரத்தில் ஆள் மாற்றுகிறது. எதிரணிக்கும் மாற்ற அவகாசம் தர அம்பயர் பந்தின் மேல் நிற்கிறார். அதற்குள் பூஜ்யம் வந்துவிடுகிறது. அது யார் குற்றம்? தாக்கும் அணியின் குற்றம்தான். தாமதமாக ஆளை அனுப்பியது அவர்கள். பயிற்சியாளர் கத்துவார். கொடியை எடுக்காதீர்கள்.

பிற்சேர்க்கை 3: பூஜ்யம் தெரிந்தால் நேரம் முடிந்துவிட்டதா, இல்லை இன்னும் ஒரு விநாடியின் மிச்சம் இருக்கிறதா? பலகையைப் பொறுத்தது. சில பலகைகளில் 1 மறைந்து 0 வரும்போதே நேரம் தீர்ந்திருக்கும். சிலவற்றில் 0 காட்டிய பிறகும் ஒரு துளி ஓடி, அப்புறம்தான் ஹாரன் ஒலிக்கும். மாடிக்கு ஏறும்போதே இயக்குபவரிடம் ஒருமுறை 40-லிருந்து கடைசிவரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான் களத்தில் என் இடத்தில் நின்று அதைப் பார்ப்பேன். கண்ணை எண்ணிலிருந்து பந்துக்கு இறக்கி, ஒரு தடவை, இரண்டு தடவை, பையன்கள் வார்ம்-அப் செய்துகொண்டிருக்கும்போதே.