டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்குள்

புறநோயாளிகள் பிரிவில் ஆய்வுக்காகத் தகவல் திரட்டுவது என் வேலை. உள்நோயாளியிடம் விட்டுப்போன கேள்வியை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம். புறநோயாளியோ மருந்து வாங்கியதும் வாசலைத் தாண்டிவிடுவார். அவருடைய நேரத்துக்கு ஏற்பவே வேலையைத் திட்டமிடுங்கள்.

ஒருமுறை ஓர் அம்மா டோக்கனைக் கைக்குள் பொத்திக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். "மாத்திரை தினமும் போடுகிறீர்களா அம்மா?" "ஆமாம்." "சில நாள் விட்டுப்போகுமா?" "ஆமாம்." பார்வை முழுக்க மருத்துவரின் அறைக் கதவில். படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பின. ஒன்றையும் நம்ப முடியவில்லை. அன்றிலிருந்து காத்திருக்கும் நேரத்தில் ஆய்வை விளக்கி ஒப்புதல் மட்டும் வாங்குகிறேன். கேள்விகள் மருத்துவரைப் பார்த்து வந்த பிறகுதான். சிலர் நழுவிவிடுவார்கள், பொய்யான பதிலைவிட அந்த இழப்பு மேல்.

ஒப்புதல் கேட்கும்போது, மறுத்தாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதை முதலில் சொல்லுங்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான அறநெறிகளாக 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஹெல்சிங்கி பிரகடனம், பின்னர் திருத்தப்பட்ட வடிவில், இதை வலியுறுத்துகிறது. பயத்தில் வரும் சம்மதம் சம்மதமே அல்ல.

"போன மாதம் எத்தனை நாள் மாத்திரை விட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். யாருக்கும் நினைவிருக்காது. நேற்று, முந்தாநாள் என்று கேளுங்கள். மாத்திரை அட்டை கையில் இருந்தால் வாங்கி, மிச்சத்தை அவர் முன்னாலேயே எண்ணுங்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வையுங்கள். பதிவேட்டில் 130, 140, 150 என்று எல்லாம் பூஜ்யத்தில் முடிந்தால் யாரோ தோராயமாக எழுதுகிறார் என்று பொருள். அன்றே பேசிச் சரிசெய்யுங்கள்.

நான் விடாப்பிடியாக இருப்பது வெற்றுக் கட்டங்களில்தான். கேட்க மறந்தோமா, அவருக்குத் தெரியவில்லையா, சொல்ல மறுத்தாரா? மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு வையுங்கள். வெறும் கட்டத்தைப் பார்த்துப் பின்னால் எவராலும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

மறுவருகைக்கு வராதவர் குணமாகியிருக்கலாம், மோசமாகியும் இருக்கலாம். வந்தவர்களை மட்டும் கணக்கிட்டால் முடிவு சாய்ந்துவிடும். எனவே முதல் நாளே இரண்டு தொலைபேசி எண்களை வாங்கி, அவை யாருடையவை, எந்த நேரத்தில் அழைக்கலாம் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பதில்களோடு சேர்க்காமல் தனியே பூட்டி வையுங்கள்.